பழைய கலப்பைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேடறது எப்படி? சென்னையில இருந்துகிட்டே முடிக்க ஒரு முழு வழிகாட்டி

பழைய கலப்பைக்கு பார்ட்ஸ் தேடறவங்க வழக்கமா என்ன பண்றாங்கன்னா, போன்ல மங்கலா ரெண்டு போட்டோ எடுத்துகிட்டு நேரா பாரிஸ் கார்னர் போயி கண்ணுல பட்ட முதல் ஹார்ட்வேர் கடையில நின்னு "அண்ணே, இந்தக் கலப்பைக்கு பார்ட்ஸ் இருக்கா"ன்னு கேக்கறாங்க, அவரு போட்டோவ ஒரு செகண்டு பாத்துட்டு "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்"னு சொல்லிடறாரு, அதோட கலப்பை காயலாங்கடைக்குப் போயிடுது. அவர் சொன்னது சரிதான், கலப்பை பார்ட்ஸ்னு போர்டு போட்ட கடை அந்த ஏரியாவுல கிடையாது. ஆனா உங்க கலப்பையில இருக்கற பேரிங் அவர் பக்கத்து கடையில இருக்கும், போல்ட்டு எதிர்சந்துல இருக்கும், ஆயில் சீல் அதே தெருக் கோடியில இருக்கும்.

அதனால கலப்பையோட பேரைச் சொல்லித் தேடறத விடுங்க. பிரிச்சுப் போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அளவு எடுத்து, அது எந்த ரகம்னு பாத்து, அந்த ரகத்துக்குன்னு இருக்கற இடத்துக்குப் போங்க. செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கம் நிலம் வச்சுகிட்டு சிட்டியில வேலை பாத்துட்டு சனி ஞாயிறு மட்டும் ஊருக்குப் போறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்குத்தான் இது முக்கியமா உதவும். அளவு எல்லாம் ஊர்ல எடுத்துட்டு வந்துட்டா அலையறது பெரும்பாலும் இங்கயே முடிஞ்சிடும்.

உங்ககிட்ட இருக்கறது என்ன கலப்பை?

இதை சட்டுனு முடிச்சிடலாம். மரத்துல செஞ்ச நாட்டுக் கலப்பைன்னா ஏர்க்கால், மேழி (கைப்பிடி), நுகத்தடி எல்லாம் ஊர் ஆசாரி வேலை, கருவேல மரம் கிடைச்சா போதும், கொழு (மண்ணைக் கிழிக்கற இரும்பு முனை) மட்டும் கொல்லர் பட்டறை. அதுக்கு சென்னை வரவே வேண்டாம்.

மாடு இழுக்கற இரும்புக் கலப்பைன்னா கதை வேற. போஸ் கலப்பை, மேலூர் கலப்பை, கூப்பர், கிர்லோஸ்கர், அப்புறம் இங்கிலாந்துல இருந்து வந்த ரான்சம்ஸ், இப்படி பழைய வீட்டு மாட்டுக் கொட்டாய்ல எது வேணா கிடக்கும். டிராக்டர் கலப்பைன்னா மூணு வகைதான் நம்ம பக்கம்: மண்ணைப் புரட்டிப் போடற எம்.பி. கலப்பை, சட்டி மாதிரி வட்டத் தகடு சுத்தற சட்டிக் கலப்பை, அஞ்சு கொத்து ஒன்பது கொத்துன்னு சொல்ற கல்டிவேட்டர். இதுல கொத்துக் கலப்பைக்கும் சட்டிக் கலப்பைக்கும் பார்ட்ஸ் கிடைக்கறது ரொம்ப ஈஸி, ஏன்னா இன்னிக்கும் அதே டிசைன்லதான் புதுசு செய்யறாங்க. கஷ்டம் எல்லாம் பழைய எம்.பி. கலப்பையிலயும் மாட்டுக் கலப்பையிலயும்தான், அதனால நானும் அதுலதான் அதிகம் நிக்கப் போறேன்.

துருவை எடுத்துட்டு எழுத்தைத் தேடுங்க

வயர் பிரஷ், மண்ணெண்ணெய் இல்லன்னா டீசல், ஒரு பழைய துணி, இவ்ளோதான். கிரைண்டர் எடுத்துடாதீங்க, அது துருவோட சேத்து எழுத்தையும் தின்னுடும். வார்ப்புல வந்த நம்பர் பெரும்பாலும் மண் படாத பக்கத்துலதான் இருக்கும், அதாவது வளைபலகையோட (மண்ணைப் புரட்டற வளைஞ்ச பலகை) பின்பக்கம், கொழுவையும் பலகையையும் சேத்துப் பிடிக்கற அந்த வார்ப்புத் துண்டு (கடைக்காரங்க இதை ஃப்ராக்ம்பாங்க), சட்டியோட ஹப், மேழி மாட்டற இடம். தேய்ச்சு முடிச்சதும் சாக்பீஸை படுக்க வச்சு மேல தேய்ங்க, மேடா இருக்கற எழுத்து மட்டும் வெள்ளையா தெரியும். அதுக்கப்புறம் போட்டோ எடுங்க, டார்ச்சை பக்கவாட்டுல பிடிச்சு எடுத்தா இன்னும் தெளிவா வரும்.

எழுத்து கிடைச்சா கம்பெனி தெரிஞ்சிடும், ஆனா கம்பெனி தெரிஞ்சதால பார்ட்ஸ் கிடைச்சிடாது. கிர்லோஸ்கர் குழுமமே இரும்புக் கலப்பை செஞ்சுதான் வளர்ந்துச்சு, 1910-ல மகாராஷ்டிராவுல கிர்லோஸ்கர்வாடின்னு ஊரையே உண்டாக்கினாங்க, இன்னிக்கு அந்தப் பேர்ல பம்பு கிடைக்கும், இன்ஜின் கிடைக்கும், கலப்பைக் கொழு கிடைக்காது. ரான்சம்ஸ் கம்பெனி 1987-ல விவசாயக் கருவி பிசினஸையே வித்துட்டாங்க. கம்பெனி பேரு எதுக்கு உதவும்னா, அது அங்குல கணக்குல செஞ்சதா மில்லிமீட்டர் கணக்குல செஞ்சதான்னு முடிவு பண்ண. நம்ம நாட்டுல மெட்ரிக் சட்டம் வந்தது 1956-ல, ஒர்க்‌ஷாப்புங்க முழுசா மாற அதுக்கப்புறமும் பல வருஷம் ஆச்சு. தாத்தா காலத்துக் கலப்பைன்னா அங்குலம்னு வச்சுகிட்டே அளக்க ஆரம்பிங்க.

அளவு எடுக்கறது (இதுல அவசரப்படாதீங்க)

டேப் மட்டும் பத்தாது. ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு ஸ்டீல் ஸ்கேல், மரை அளக்க ஒரு த்ரெட் கேஜ், கெட்டி அட்டை. மொத்தமும் பிராட்வேயில ஒரே கடையில கிடைச்சிடும். த்ரெட் கேஜ்ல மில்லிமீட்டர் செட்டும் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல மரை) செட்டும் ரெண்டும் இருக்கறதா பாத்து வாங்குங்க.

முதல்ல கொழு. அட்டையை கொழு மேல வச்சு ஓரத்தை பென்சில்ல வரைஞ்சு, போல்ட் ஓட்டை மேல பென்சிலை படுக்க வச்சு தேய்ச்சா ஓட்டையோட அச்சு அப்படியே விழும். தேஞ்ச கொழுவுல முனையும் வெட்டுற ஓரமும் குறைஞ்சிருக்கும், அதனால அந்தப் பக்கத்து அளவை நம்பாதீங்க, பலகையோட சேர்ற பக்கத்து நீளமும் ஓட்டைக்கு ஓட்டை உள்ள தூரமும்தான் உண்மையான அளவு. ஓட்டைக்கு ஓட்டை தூரம்னா மையத்துல இருந்து மையத்துக்கு. மையம் கண்ணுக்குத் தெரியாதுல்ல, அதனால ஒரு ஓட்டையோட இடது ஓரத்துல இருந்து அடுத்த ஓட்டையோட இடது ஓரம் வரைக்கும் அளந்துடுங்க, ரெண்டும் ஒரே சைஸ் ஓட்டைன்னா அதே கணக்குதான். தடிமனை தேயாத இடத்துல பாருங்க. ஓட்டை சதுரமா ரவுண்டா, மேல சரிவா சீவி இருக்கான்னும் எழுதிக்கோங்க. அட்டையில "மண் பக்கம்"னு ஒரு பக்கம் எழுதிடுங்க, ஏன்னா வலதுபக்கம் மண் தள்ளற கொழுவும் இடதுபக்கம் தள்ளறதும் அட்டையில திருப்பிப் போட்டா ஒரே மாதிரி தெரியும், ஒர்க்‌ஷாப்காரர் தலைகீழா வெட்டிக் குடுத்துட்டா பணம் திரும்ப வராது.

அடுத்தது போல்ட்டு. இதுலதான் நிறைய பேரு ஏமாறாங்க. அரை இஞ்ச் போல்ட்டுன்னு ரெண்டு இருக்கு. பழைய பிரிட்டிஷ் விட்வொர்த், கடையில பி.எஸ்.டபிள்யூன்னு சொல்லுவாங்க, அதுல ஒரு இஞ்சுக்கு 12 மரை. அமெரிக்கன் யு.என்.சி.யில ஒரு இஞ்சுக்கு 13 மரை. ரெண்டையும் கையில வச்சுப் பாத்தா வித்தியாசமே தெரியாது, நட்டு ரெண்டு சுத்து உள்ள போகும், அப்புறம் பிடிச்சுக்கும், பலமா முறுக்கினா மரை கழண்டுடும். 3/8, 7/16, 5/8 சைஸ்ல ரெண்டுக்கும் மரை எண்ணிக்கை ஒண்ணுதான் ஆனா மரையோட கோணம் விட்வொர்த்ல 55 டிகிரி, யு.என்.சி.யில 60, அதனால மாட்டும் ஆனா முழுசா உக்காராது. எம் 12 போல்ட்டு அரை இஞ்ச் ஓட்டைக்குள்ள தாராளமா போகும், 0.7 மில்லி லூஸா நிக்கும். ஒரு நாள் உழவுக்குப் பரவாயில்ல, தொடர்ந்து ஓட்டினா கொழு ஆடி ஆடி ஓட்டை நீள்வட்டமாயிடும். பழைய போல்ட்டுல நல்லா இருக்கற ஒண்ணு நட்டோட கையில எடுத்துட்டுப் போறதுதான் எல்லாத்தையும் விட நல்லது.

கொழுவுக்குப் போடற போல்ட்டு தலை தட்டையா, கழுத்து சதுரமா இருக்கும், மேல இருந்து பாத்தா கொழுவோட சமமா உக்காந்துடும். அது கிடைக்கலன்னு சாதா ஆறுபட்டை போல்ட்டு போடாதீங்க, தலை வெளிய நீட்டிகிட்டு மண்ணு, வேர் எல்லாம் அதுல சிக்கும், ஒரு வாரத்துல தலை தேஞ்சு கழட்டவும் முடியாது. அவசரத்துக்கு கவுன்டர்சங்க் ஆலன் போல்ட்டு (தலை சரிவா ஓட்டைக்குள்ள இறங்கிடும்) எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம், சில கலப்பையில கல்லு மாட்டினா உடையறதுக்குன்னே ஒரு போல்ட்டு வச்சிருப்பாங்க, ஷியர் போல்ட்டு. அது உடைஞ்சுகிட்டே இருக்குன்னு கடுப்பாகி 8.8 கிரேடு ஹை டென்சில் போல்ட்டு போடறாங்க. அப்ப போல்ட்டு உடையாது, கலப்பையோட ஃப்ரேம் வளையும். போல்ட்டு தலையில இருக்கற நம்பரைப் பாருங்க, சாதா மைல்டு ஸ்டீல்ல 4.6-னு இருக்கும் இல்லன்னா ஒண்ணுமே இருக்காது. கலப்பை செஞ்சவன் என்ன போட்டானோ அதையே போடுங்க.

பேரிங் இருக்கற கலப்பைன்னா (சட்டி, பின்சக்கரம்) இது ரொம்ப சுலபம். பேரிங்கோட பக்கவாட்டுல நம்பர் அடிச்சிருக்கும், அதைச் சொன்னா போதும். அழிஞ்சு போயிருந்தா உள்வட்டம், வெளிவட்டம், அகலம் மூணும் அளங்க. பொதுவா மெட்ரிக் பேரிங்ல கடைசி ரெண்டு நம்பரை 5-ஆல பெருக்கினா உள்வட்டம் வந்துடும் (04-க்கு மேல உள்ள நம்பருக்கு), 6205-னா 25 மில்லி, 30208-னா 40 மில்லி. அளந்தது 31.75 மாதிரி ஒரு வினோதமான எண்ணா வந்தா பயப்படாதீங்க, அது 1¼ இஞ்ச், அங்குல சீரிஸ் டேப்பர் பேரிங், அதுல உள் பாகத்துக்கு ஒரு நம்பரும் வெளிக் கிண்ணத்துக்கு ஒரு நம்பரும் தனித்தனியா இருக்கும், ரெண்டையும் எழுதிக்கோங்க. ஆயில் சீல்லயும் மூணு அளவும் அதுமேலயே அச்சாகி இருக்கும்.

சட்டிக்கு: விட்டம், குழிவு, தடிமன், நடு ஓட்டை, போல்ட்டு ஓட்டை வட்டம். விட்டம் புதுசுல 24, 26, 28 இஞ்ச்னு வரும், தேஞ்சதுல குறைவா இருக்கும். குழிவுக்கு, சட்டியை கவுக்காம வச்சு மேல நேரா ஒரு பட்டையை வச்சு நடுவுல எவ்ளோ ஆழம்னு பாருங்க. போல்ட்டு ஓட்டை நாலு, ஆறுன்னா எதிரெதிர் ஓட்டை மையங்களை அளந்தா வட்டத்தோட விட்டம், அஞ்சு ஓட்டைன்னா எதிரே ஓட்டை இருக்காது, அப்ப பக்கத்துப் பக்கத்து ஓட்டை தூரத்தை 1.7-ஆல பெருக்குங்க.

டிராக்டர்ல மாட்டற பின்னு ஓட்டையையும் மறக்காதீங்க. இந்த இணைப்போட சைஸை கேட்டகரின்னு சொல்லுவாங்க, கேட்டகரி 1-னா கீழ் லிங்க் பின்னு 22 மில்லி, டாப் லிங்க் 19. கேட்டகரி 2-னா 28, 25. பழைய கலப்பையை புது டிராக்டர்ல மாட்டப் போறீங்கன்னா இதுல சைஸ் மாறி இருக்க வாய்ப்பு அதிகம், அதுக்கு புஷ் (குட்டிக் குழாய் மாதிரி இரும்பு வளையம்) போட்டா போதும், கலப்பையை வெட்டி ஒட்ட வேண்டாம்.

பிரிச்சதை நாலு குவியலாப் போடுங்க

ஒண்ணு, ஸ்டாண்டர்டு சாமான்: போல்ட்டு, நட்டு, வாஷர், பேரிங், சீல், பின்னு, ஸ்பிரிங். ரெண்டு, தேயற சாமான்: கொழு, சட்டி, கொத்து நுனி, நிலப்பக்கத் தகடு (உழாத மண்ணோட உரசிகிட்டுப் போற பக்கத் தகடு). மூணு, வார்ப்பு சாமான்: ஃப்ராக், ஹப், பிராக்கெட்டு. நாலு, வளைஞ்சது: ஃப்ரேம், ஏர்க்கால் பீம், மேழிக் கம்பி. முதல் குவியல் வாங்கறது, ரெண்டாவது வாங்கவும் செய்யலாம் செஞ்சுக்கவும் செய்யலாம், மூணாவதுதான் தலைவலி, நாலாவது எந்த நல்ல வெல்டரும் பாத்துக்குவாரு.

வார்ப்பா எஃகா தெரியலன்னா கிரைண்டர்ல மூலையில லேசா தொட்டுப் பாருங்க. வார்ப்பிரும்புன்னா பொறி குட்டையா, மங்கின சிவப்பா வரும். மைல்டு ஸ்டீல்னா நீளமா, மஞ்சளா நேரா ஓடும். கார்பன் அதிகமான எஃகுன்னா பொறி நுனியில மத்தாப்பு மாதிரி வெடிச்சுப் பிரியும். இதைத் தெரிஞ்சுக்காம கொல்லர்கிட்ட வார்ப்புக் கொழுவைக் குடுத்து காய்ச்சி அடிக்கச் சொன்னா ரெண்டா உடைச்சுக் குடுத்துடுவாரு, அவர் மேல தப்பில்ல.

சென்னையில எங்க எது?

முதல் குவியலுக்கு பிராட்வே, லிங்கி செட்டித் தெரு, அந்தச் சுத்துவட்டாரம். காலையில பத்தரை பதினோரு மணிக்குப் போங்க, மத்தியானத்துக்கு மேல லோடு இறக்கற வண்டி நிக்கும், நடக்கவே முடியாது. பேரிங் கடையில நம்பர் மட்டும் சொல்லுங்க, "கலப்பைக்கு"ன்னு ஆரம்பிச்சா டிராக்டர் கடைக்குப் போங்கன்னு அனுப்பிடுவாங்க. பேரிங் வாங்கும்போது பிராண்டு டப்பாவை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, போலி நிறைய சுத்துது, பில்லோட டீலர்கிட்ட வாங்கறது நல்லது. விட்வொர்த் போல்ட்டு எல்லா கடையிலயும் இருக்காது, பழைய ஸ்டாக் வச்சிருக்கற கடை எதுன்னு போல்ட்டுக் கடைக்காரங்களே சொல்லுவாங்க, கேக்கணும்.

இரும்புத் தகடு, பட்டை, கம்பி வேணும்னா மணலி பக்கம் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். ஒரு சின்ன துண்டுக்கு அவ்ளோ தூரம் போக வேண்டாம், ஆனா கட்டிங் வேஸ்ட்டு அங்க எடை போட்டு வாங்கலாம்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.

லேசர் கட்டிங், லேத்து, ஹீட் ட்ரீட்மென்ட்டு, சின்ன ஃபவுண்டரி (வார்ப்பாலை), இதுக்கெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டு. கிண்டி எஸ்டேட்டுலயும் லேத்து உண்டு. திருமுடிவாக்கம் பக்கமும் கேட்டுப் பாக்கலாம்.

பழைய ஸ்பிரிங், லாரி பட்டை, ஹப் மாதிரி இரும்பு வேணும்னா புதுப்பேட்டை. அங்க பேரம் பேசாம வாங்கினா உங்களுக்குத்தான் நஷ்டம். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு முழுக்க கார், லாரி ஸ்பேர்ஸ், சீலுக்கும் பேரிங்குக்கும் உதவும், மத்தபடி கலப்பைக்கு ஒண்ணும் இல்ல.

சட்டி, கொத்து நுனி எல்லாம் சிட்டிக்குள்ள தேடறது வேஸ்ட்டு. பல் டாக்டர்கிட்ட போயி கண்ணாடி கேட்ட மாதிரி ஆயிடும். செங்கல்பட்டு, மதுராந்தகம், திருவள்ளூர், திண்டிவனம்னு டிராக்டர் ஓடற ஊர்ல இருக்கற டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்க. ஆடிப்பட்டம் தொடங்கற நேரத்துல போகாதீங்க, கடையில கூட்டம் தாங்காது, உங்க அட்டையைப் பாக்கக்கூட ஆள் இருக்காது. மாசி, பங்குனியில போனா கடைக்காரரே உள்ள குடோனுக்குக் கூட்டிட்டுப் போயி தேடச் சொல்லுவாரு.

மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரோட வந்த கலப்பைன்னா டாஃபே டீலர்கிட்ட ஒரு தடவை கேளுங்க, 1960-ல இங்க மெட்ராஸ்ல ஆரம்பிச்ச கம்பெனிதான். டீலர் கவுண்டர்ல இருக்கற பையனுக்குத் தெரியாது, அங்க ரொம்ப வருஷமா இருக்கற மெக்கானிக் யாருன்னு விசாரிச்சு அவர்கிட்ட பேசுங்க. நந்தனத்துல வேளாண்மைப் பொறியியல் துறை தலைமை அலுவலகம் இருக்கு, அவங்க ஸ்பேர்ஸ் விக்க மாட்டாங்க, ஆனா உங்க மாவட்டத்துல இருக்கற அவங்க ஒர்க்‌ஷாப் ஆளுங்களுக்கு எந்த ஊர்ல யாரு கொழு நல்லா அடிப்பாங்கன்னு தெரிஞ்சிருக்கும். கலப்பை ரிப்பேர் வேலை முடியறவரைக்கும் வேற கலப்பையை வாடகைக்கு எடுக்க உழவன் செயலியிலயே வழி இருக்கு.

சிட்டியில கலப்பையைப் பத்திப் பேசினா சிரிக்கறவங்களுக்கு ஒண்ணு: சைதாப்பேட்டையிலதான் 1868-ல விவசாயப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க, 1906-ல அதை கோயம்புத்தூருக்கு மாத்தினாங்க, இன்னிக்கு இருக்கற வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வேர் அதுதான்.

கொழு: வாங்கறதா, அடிக்கறதா, வெட்டறதா?

உங்க அட்டையோட ஓட்டை ஏதாவது இன்னிக்கு விக்கிற கொழுவோட ஒத்துப்போனா யோசிக்காம வாங்கிடுங்க. ரெடிமேட் கொழு வாங்கும்போது ஒரு சின்ன அரம் எடுத்துட்டுப் போயி வெட்டுற ஓரத்துல தேய்ச்சுப் பாருங்க. நல்லா பதம் போட்ட எஃகுன்னா அரம் வழுக்கும், சாதா தகடுன்னா தூள் தூளா உதிரும். கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்ல.

ஒத்துப்போகலன்னா ரெண்டு வழி. முதல் வழி கொல்லர் பட்டறை. லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கிக் குடுத்து அட்டையைக் காட்டினா அடிச்சுக் குடுப்பாரு. லாரி பட்டை நல்ல எஃகு, ஆனா பதம் வைக்கறதுல விஷயம் இருக்கு: செர்ரிப் பழச் சிவப்பு வந்ததும் எண்ணெய்ல முக்கணும், தண்ணியில முக்கினா விரிசல் விட வாய்ப்பு உண்டு, முக்கினதுக்கப்புறம் திரும்ப லேசா சூடு காட்டி பதத்தைக் கொஞ்சம் இறக்கணும், இல்லன்னா கல்லுல பட்டதும் கண்ணாடி மாதிரி சில்லு போயிடும். வயசான கொல்லர்னா இதெல்லாம் நீங்க சொல்லவே வேண்டாம், அவரு உங்களுக்குச் சொல்லிக் குடுப்பாரு. பிரச்சனை என்னன்னா அப்படிப்பட்ட பட்டறை குறைஞ்சுகிட்டே வருது, ஊர்ல ஒருத்தர் இருந்தா ஒண்ணுக்கு ரெண்டா அடிச்சு வாங்கி வச்சிடுங்க.

ரெண்டாவது வழி அம்பத்தூர்ல லேசர் கட்டிங். அட்டையை ஸ்கேன் பண்ணி ஆட்டோகேட்ல வரைஞ்சு குடுக்க அங்கயே ஆள் இருப்பாங்க. தேய்மானம் தாங்கற தகடு, ஹார்டாக்ஸ் மாதிரி, கேளுங்க. சதுர ஓட்டையை லேசரே வெட்டிடும், மேல சரிவு சீவறது மட்டும் தனியா டிரில்லிங்ல பண்ணணும், இதை முன்னாடியே சொல்லி விலை பேசிடுங்க. முக்கியமா, இந்தத் தகட்டை அப்புறம் கொல்லர்கிட்ட குடுத்து காய்ச்சாதீங்க, 250 டிகிரிக்கு மேல சூடு போனா அதோட கடினம் போயிடும், அப்புறம் அவ்ளோ காசு குடுத்து வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல. கொழு வளைவா இருக்கணும்னா இந்த வழி ஒத்துவராது, தட்டையான கொழுவுக்கு மட்டும்தான்.

கொழு பாதிதான் தேஞ்சிருக்குன்னா முனையில மட்டும் புது எஃகு ஒட்டி வெல்டு வைக்கலாம், மேல ஹார்டு ஃபேசிங் ராடு (தேய்மானம் தாங்கற வெல்டிங் ராடு) ஓட்டலாம். ரெண்டு பக்கமும் ஓட்டாதீங்க, ஒரு பக்கம் மட்டும் போதும், கடினமான பக்கம் நின்னு மென்மையான பக்கம் தேய தேய ஓரம் தானா கூரா இருக்கும். இது புது ஐடியா கிடையாது, இங்கிலாந்துல ராபர்ட் ரான்சம் 1803-லயே வார்ப்புக் கொழுவோட அடிப்பக்கத்தை சீக்கிரம் குளிர வச்சு இதே தத்துவத்துக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு.

வார்ப்பு உடைஞ்சா

உடையலன்னு நினைக்கறதையும் செக் பண்ணுங்க. சுத்தம் பண்ணி, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நல்லா துடைச்சிட்டு சாக்பீஸ் பூசுங்க. விரிசல் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் வெளிய வந்து சாக்பீஸ் மேல ஒரு கோடு ஈரமா தெரியும்.

விரிசல் மட்டும்னா நிக்கல் ராடு வச்சு வெல்டு பண்ணலாம். இதைச் சாதா ராடுல செஞ்சா வெல்டு நிக்கும், பக்கத்துல புதுசா விரிசல் விடும். முன்னாடியே சூடு பண்ணி, சின்னச் சின்னதா ஓட்டி, ஒவ்வொண்ணையும் சுத்தியால லேசா தட்டி, முடிச்சதும் சாம்பல்ல புதைச்சு மெதுவா ஆற விடணும். "எத்தனை மணி நேரம் ஆற விடுவீங்க"ன்னு வெல்டர்கிட்ட கேளுங்க. "தண்ணி ஊத்தினா உடனே எடுத்துட்டுப் போலாம் சார்"னு சொன்னா அப்படியே பொருளோட திரும்பிடுங்க.

துண்டு துண்டா போயிருந்தா புதுசா வார்க்கணும். பழைய பார்ட்டையே ஒட்டிவச்சு மாடலா குடுத்தா புது வார்ப்பு ஆறும்போது சுருங்கி சின்னதா வரும், வார்ப்பிரும்பு 100 மில்லிக்கு ஏறக்குறைய 1 மில்லி சுருங்கும், அது போக தேய்மானமும் பழசுல இருக்கு. அதனால மாடல் மேல பட்டி பூசி ஏத்தணும், மெஷினிங் பண்ற முகத்துல இன்னும் 2, 3 மில்லி கூட. பெரிய ஃபவுண்டரி ஒரு பீஸுக்கு கேட்டே திறக்காது. ஜாப்பிங் ஃபவுண்டரின்னு தேடுங்க, அவங்க வேற ஆர்டருக்கு உருக்கும்போது உங்க அச்சையும் சேத்து ஊத்திடுவாங்க, அதனால நீங்கதான் அவங்க தேதிக்கு காத்திருக்கணும். சாதா வார்ப்புக்குப் பதில் எஸ்.ஜி. அயர்ன்ல (சட்டுனு உடையாத வார்ப்பிரும்பு ரகம்) கேளுங்க, அடி தாங்கும். இங்க சரிவரலன்னா கோயம்புத்தூர், ஃபவுண்டரிக்கு அந்த ஊர்தான். ஒரே மாடல் கலப்பை வச்சிருக்கற ரெண்டு மூணு பேரு சேந்துட்டா செலவு பாதியாயிடும்.

சில சமயம் வார்க்கவே வேண்டாம். ஃப்ராக் மாதிரி துண்டை கெட்டித் தகடு வெட்டி வெல்டு வச்சே செஞ்சுடலாம், பாக்க அழகா இருக்காது, வேலை செய்யும். மியூசியத்துக்கு வைக்கவா உழவா, அதைப் பொறுத்து முடிவு பண்ணுங்க.

இன்னொரு கலப்பையை வாங்கிடறது

இதை நிறைய பேரு கடைசியா யோசிக்கறாங்க, எனக்குக் கேட்டா இதை முதல் வாரமே ஆரம்பிக்கணும். அதே மாதிரி கலப்பை வேற எங்கயாவது வேலிக்குப் பக்கத்துல துரு பிடிச்சுக் கிடக்கும். டீக்கடையில சொல்லி வைங்க, டிராக்டர் டிரைவருங்ககிட்ட சொல்லி வைங்க, ஊர்க் காயலாங்கடைக்காரர்கிட்ட அட்டையோட காப்பியைக் குடுத்து "இது வந்தா உடைக்காதீங்க, கிலோ விலைக்கு மேல தரேன்"னு சொல்லுங்க. அவங்களுக்கு அது வெறும் எடை, அதனால முன்னாடியே சொல்லி வச்சாதான் உண்டு. வாங்கறதுக்கு முன்னாடி சுத்தியால தட்டிப் பாருங்க, மணி மாதிரி கணீர்னு கேட்டா நல்ல வார்ப்பு, சொத்துன்னு கேட்டா எங்கயோ விரிசல். முழு கலப்பையா வாங்குங்க, "எனக்கு ஃப்ராக் மட்டும் போதும்"னு நின்னா அங்கயே கட்டர் வச்சு வெட்டிக் குடுப்பாங்க, போச்சு.

வெளிநாட்டுல இருந்து வரவழைக்கறது ரான்சம்ஸ், ஃபெர்குசன் மாதிரி பேருக்கு மட்டும் யோசிக்கலாம். இங்கிலாந்துல பழைய கலப்பையை வச்சே உழவுப் போட்டி நடத்தறாங்க, அதனால அந்த மாடல்களுக்கு புதுசா கொழு செய்யற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ரான்சம்ஸோட பழைய ஆவணங்கள் ரெடிங் பல்கலைக்கழகத்துல இருக்கற கிராம வாழ்க்கை மியூசியத்துல இருக்கு, உங்க வார்ப்பு நம்பரை எழுதிக் கேட்டா எந்த மாடல்னு தெரிஞ்சுக்க வழி உண்டு. ஆனா இரும்பு கனம், அனுப்பற செலவும் சுங்க வரியும் சேந்து பார்ட்டு விலையைத் தாண்டிடும். வரவழைக்கறதுன்னா ஒரே ஒரு கொழு வரவழைச்சு அதை மாடலா வச்சு இங்க அடிச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

மாட்டறதுக்கு முன்னாடி

புது கொழுவை ஃப்ராக்ல மாட்டிட்டு உடனே வயலுக்குப் போகாதீங்க. கலப்பையைப் படுக்க வச்சு, கொழு முனையில இருந்து நிலப்பக்கத்தோட பின் குதிகால் வரைக்கும் நேரான பட்டை ஒண்ணை அடியில வைங்க. நடுவுல 3-ல இருந்து 5 மில்லி இடைவெளி தெரியணும், அதாவது முனை கொஞ்சம் கீழ இறங்கி இருக்கணும். அந்த இறக்கம்தான் கலப்பையை மண்ணுக்குள்ள இழுக்குது. இடைவெளியே இல்லன்னா எவ்ளோ எடை வச்சாலும் கலப்பை மண்ணு மேல சறுக்கிட்டே போகும், ஆளுங்க டிராக்டரைத் திட்டிகிட்டு இருப்பாங்க. பக்கவாட்டுலயும் இதே மாதிரி பட்டை வச்சுப் பாருங்க, அங்கயும் முனை கொஞ்சம் நிலத்துப் பக்கம் நீட்டி இருக்கணும். அடிச்சு வாங்கின கொழுன்னா இந்த ரெண்டும் சரியா வர்றவரைக்கும் கொல்லர் பட்டறையை விட்டு கிளம்பாதீங்க, கலப்பையையே ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிடறது நல்லது.

கொழுவும் பலகையும் சேர்ற கோட்டுல விரலை ஓட்டிப் பாருங்க. கொழு கொஞ்சம் மேல இருந்தா பரவாயில்ல, பலகை மேல தூக்கி நின்னா அதுல மண்ணு அப்பிக்கும், நம்ம செங்கல்பட்டு பக்கம் ஏரி மண்ணுல ரொம்பவே அப்பும். போல்ட்டுல கிரீஸ் தடவி முறுக்குங்க, அடுத்த தடவை கழட்டறவன் நீங்கதான்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டினதும் நிறுத்தி எல்லா நட்டையும் திரும்ப முறுக்குங்க, புது கொழு உக்காரும்போது கண்டிப்பா லூஸ் ஆகும். சட்டின்னா ஹப்பைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத சூடு இருந்தா பேரிங்கை டைட்டா முறுக்கிட்டீங்கன்னு அர்த்தம். வேலை முடிஞ்சதும் பலகையில பழைய இன்ஜின் ஆயிலைப் பூசி வைங்க. அந்த அட்டையெல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, எது எந்தக் கடையில வாங்கினீங்க, யாரு அடிச்சாங்க, என்ன நம்பர் பேரிங்குன்னு பின்னாடியே எழுதி கொட்டாய் ஆணியில மாட்டிடுங்க.